குரங்குக்குத் தெரியாத வார்த்தை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சென்னையில் பத்திரிகை நடத்தும் மதுமிதா போன் செய்து, "சார், மனுஷனும் இயற்கையும் காலங்காலமா ஒருத்தரை ஒருத்தர் எப்படி மாத்திக்கிட்டு வர்றாங்கன்னு ஒரு சிறப்பிதழ் போடறோம். நீங்க செஞ்சியில இருக்கீங்க. மலை, கோட்டை, குளம் எல்லாம் உங்க வாசல்லயே இருக்கு. ஒரு கதை குடுங்க" என்றார். என் வாசலில் என்ன இருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்? உடைந்த சாக்கடை மூடி இருக்கிறது. அதன்மேல் யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக் இருக்கிறது. மலை தெரிய வேண்டுமென்றால் எதிர்க்கடையின் பேனரைக் கழற்ற வேண்டும்.

என் பெயர் குணபாலன். பூர்வீகம் மேல்சித்தாமூர், ஊரார் நைனார் என்று கூப்பிடுகிற சமணக் குடும்பம். செஞ்சி பஜாரில் விதைக்கடை வைத்திருக்கிறேன். பூச்சிமருந்து விற்பதில்லை, எங்கள் வீட்டில் எறும்புக்கும் ஒதுங்கி வழிவிடுகிற பழக்கம். அதனால் பாதி வியாபாரம் எதிர்க்கடைக்குப் போய்விடும். அந்த ஓய்வில்தான் நான் கதாசிரியன் ஆனேன்.

சரி, தொடங்கினேன்.

"செஞ்சியின் பாறைகள் மனிதன் பிறப்பதற்கு முன்பே—"

(விட்டுவிட்டேன். பாறையை வைத்துத் தொடங்கினால் இரண்டாம் பத்தியிலேயே மௌனம் என்ற சொல் வந்துவிடும். அதற்குப் பிறகு என்னாலேயே படிக்க முடியாது.)

"இராஜகிரியின் உச்சியில் ஒரு கழுகு வட்டமிட்டு—"

(பொய். நான் அண்ணாந்து பார்த்தபோதெல்லாம் குரங்கைத்தான் பார்த்திருக்கிறேன்.)

"அவள் நிலக்கடலை விதை வாங்க வந்தாள்."

மூன்றாவது வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தால், நிஜமாகவே ஜெயக்கொடி கடைக்குள் வந்துகொண்டிருந்தாள். என் எழுத்தின் சக்தி என்று நினைத்துவிடாதீர்கள். கார்த்திகை பிறந்தால் அவள் வருவாள். மார்கழிப் பட்டத்துக்கு விதை வேண்டுமே.

2

ஜெயக்கொடிக்குச் சிங்கவரம். மலையடிவாரத்தில் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொல்லை, அதில் ஒரு கிணறு. நாற்பதைத் தாண்டியவள். வீட்டுக்காரர் துரைக்கண்ணு, அவர் அடுத்த பகுதியில் வருவார். (வர வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அதையும் அங்கேயே சொல்கிறேன்.)

"இன்னா நைனாரே எழுதறீங்க?"

"உன்னைப் பத்திதாம்மா."

நான் எழுதியிருந்ததை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் கோணியது.

"நெலக்கடலையா? அது இன்னா கடலை? எங்கூர்ல யாரு அப்பிடிச் சொல்றாங்க? ஒழுங்கா…" என்று நிறுத்தினாள். தெருப் பக்கம் திரும்பி, எதிர்க்கடைக் கூரையை ஒரு முறை பார்த்துக்கொண்டு, குரலை இறக்கி, "மல்லாட்டைன்னு எழுதுங்க" என்றாள்.

கூரையை எதற்குப் பார்த்தாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் இந்தக் கதையின் ஐந்தாம் பகுதி இருந்திருக்காது.

[அடிக்குறிப்பு போல ஒன்று: மணிலாவிலிருந்து வந்த கொட்டை, மணிலாக்கொட்டை, அதுவே எங்கள் பக்கத்து வாயில் புரண்டு புரண்டு மல்லாட்டை ஆகிவிட்டது என்பார்கள். கடல் தாண்டி வந்த பயிர் எங்கள் மண்ணை மாற்றியது. எங்கள் நாக்கு அதன் பெயரை மாற்றியது. மதுமிதா கேட்ட கதை இத்துடன் முடிந்தது. ஆனால் இரண்டாயிரம் சொல் கேட்டிருக்கிறார்.]

விதை வாங்க வந்தவள் வாங்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு வருடமாக அவள் கொல்லையில் குரங்கு வைத்ததுதான் சட்டம். விதைத்தால் தோண்டித் தின்கிறது. தப்பி முளைத்ததைக் காய் பிடிக்கும்போது செடியோடு பிடுங்குகிறது. தின்றாலும் பரவாயில்லை, ஒரு காயை உடைத்துப் பார்த்துவிட்டுப் பத்துச் செடியை வீசிவிட்டுப் போகிறது. இப்போது வீராசாமி என்ற சவுக்குத் தரகர் வந்து நிற்கிறார். கொல்லையைக் குத்தகைக்குக் கொடுத்தால் சவுக்கு நட்டு, அவரே வெட்டிக்கொண்டு போவாராம். குரங்கு சவுக்கைத் தொடாது.

"நல்லதுதானம்மா" என்றேன்.

"இன்னா நல்லது? சவுக்கு நட்டுட்டா நாலு வருசத்துக்கு அந்த மண்ணுல எனுக்கு வேலையே இல்ல. ஊரான் கொல்லைக்கெல்லாம் களை வெட்டக் கூலிக்குப் போவணும். போற வழியில என் கொல்லைய வெளிய நின்னு பாத்துட்டுப் போவணும். அதுக்கா கெணறு வெட்டுனோம்?"

பொங்கலுக்குள் வீராசாமிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜெயக்கொடி என்னை நேராகப் பார்த்தாள்.

"என்னப் பத்திதான் கதை எழுதறேன்றீங்க. நீங்களே சொல்லுங்க. விதை போடலாமா, வாணாமா? கடைசியில எனுக்கு இன்னா ஆவுது?"

எழுத ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு மாட்டு மாட்டியதில்லை. போடு என்றால் விதை விற்பதற்காகச் சொன்னதாகிவிடும். போடாதே என்றால் அவள் கொல்லையைச் சவுக்குக்குக் கொடுத்ததாகிவிடும். "இன்னும் எழுதலம்மா" என்றேன். "சீக்கிரம் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

3

துரைக்கண்ணுவைப் பற்றிய சந்தேகம் இதுதான்: இவரை நான் கற்பனை செய்திருந்தால், "ரொம்ப இழுத்துக் கட்டியிருக்கீங்க சார்" என்று மதுமிதா திருப்பி அனுப்பியிருப்பார்.

கொல்லையில் விளைச்சல் போனதும் துரைக்கண்ணு தள்ளுவண்டி ஒன்று வாங்கினார். கோட்டை வாசலில் நிறுத்தினார். என்ன விற்கிறார் என்று நினைக்கிறீர்கள்? வேகவைத்த மல்லாட்டை. பொட்டலம் பொட்டலமாக. வாங்குகிறவர்கள் பாதி தின்றுவிட்டு மீதியைக் குரங்குக்குப் போடுகிறார்கள். சிலர் குரங்குக்குப் போடுவதற்கென்றே வாங்குகிறார்கள், புண்ணியமாம். கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் எல்லாம் சேர்ந்த பிறகு கூட்டம் கூடிவிட்டது. புண்ணியமும் கூடிவிட்டது.

"மல்லாட்டேய்ய்… சூடா மல்லாட்டேய்ய்…" என்று அவர் குரல் கொடுத்தால், வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மதில்மேல் இருக்கிற குரங்கெல்லாம் இறங்கிவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

இதனால் வீட்டில் தினமும் சண்டை. ஜெயக்கொடி குரங்கு என்று சொல்வதில்லை, "உன் குரங்கு" என்பாள்.

"உன் குரங்கு இன்னைக்கும் வந்துச்சு."

"அது என் குரங்கு இல்லமே. உங்கூர் மலைக் குரங்கு. என் குரங்கு, டிக்கெட் எடுத்து உள்ள வர்றவங்க கையால சாப்புடுது. உன் கொல்லையில வந்து மண்ணத் தோண்டணும்னு அதுக்கு இன்னா தலையெழுத்து?"

கோட்டைக் குரங்கு வேறு, சிங்கவரத்துக் குரங்கு வேறு என்பது அவர் கட்சி. எல்லாம் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. வால் பாதியில் அறுந்த ஒரு கடுவனை அவள் அடையாளம் வைத்திருந்தாள். மொண்டிவால் என்று பெயரும் வைத்திருந்தாள். விடியலில் கொல்லைக்கு வருகிற கூட்டத்துக்கு அதுதான் தலைமை. "மொண்டிவால் ஊருக்கு ஒண்ணு இருக்கும்" என்றார் துரைக்கண்ணு.

(இந்த இடத்தில் விலங்கியல் படித்த ஒருவரைக் கொண்டுவந்து, குரங்குக் கூட்டம் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும் என்று விளக்கம் சொல்ல வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். ஜெயக்கொடி அவரையும் திட்டுவாள்.)

4

கதைக்கு விவரம் சேர்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை வாசலுக்குப் போனேன். நல்ல கூட்டம். துரைக்கண்ணு வண்டிப் பக்கத்தில் ஒரு குடும்பம், பெங்களூர் போலிருந்தது, பொட்டலத்தை நீட்டி நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வண்டியின் கைப்பிடிமேல் வால் அறுந்த கடுவன் ஒன்று ஜம்மென்று உட்கார்ந்து, தோலை உரித்து உரித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுச் சம்பந்திக்குக்கூட அவ்வளவு நிதானம் இருக்காது.

அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஜெயக்கொடி இறங்கினாள். கையில் கழி இல்லை, கல் இல்லை. நல்ல புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை, ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. இறங்கி நின்றாள், அவ்வளவுதான்.

மொண்டிவால் அவளைப் பார்த்தது. வாய்க்குப் போன காய் பாதியில் நின்றது. அடுத்த நொடி பொட்டலத்தை வீசிவிட்டு, அந்தக் குடும்பத்துக் குழந்தையின் தோளை உரசிக்கொண்டு மதில்மேல் பாய்ந்தது. அங்கிருந்து ஒரு கத்தல். வாசலில் இருந்த மொத்தக் குரங்குக் கூட்டமும் நிமிடத்தில் காலி. பெங்களூர்க் குடும்பம், ஜெயக்கொடி ஏதோ செய்துவிட்டது போல அவளைத் திரும்பிப் பார்த்தது.

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லு. யாரு குரங்கு?"

துரைக்கண்ணு கழுத்தைச் சொறிந்தார். "உன்னப் பாத்தா நானே அப்பிடித்தான் ஓடுவேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயக்கொடி சிரிக்கவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"பகல் முச்சூடும் நீ கூவிக் கூவிக் கூப்புட்டுத் துன்னக் குடுத்த. விடிஞ்சா நான் கல்லெடுத்து அடிச்சேன். ரெண்டு வருசமாய்யா. ஒரே குரங்க ரெண்டு பேரும் வளத்திருக்கோம்."

"விட்டுடறேன்மே" என்றார் அவர். உடனே, "நான் விட்டா பக்கத்துல வெள்ளரிக்கா விக்கிறவன் நாளைக்கே இத்த விப்பான். கொல்லையில விளைஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்? விளையலன்னுதான நிக்கிறேன்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆத்திரமாக வருகிறது. கதையில் யாராவது ஒருத்தர் தப்பாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி! குரங்கு கொல்லையைத் தின்றதால் வண்டி வந்தது. வண்டி வந்ததால் குரங்குக்குக் கொல்லை தெரிந்தது. முதலில் எது என்று கேட்டால் ஒரு வாரம் சண்டை நடக்கும்.

கடைசியில் ஒரு உடன்பாடு: விற்கலாம், கூவக் கூடாது. அன்றிலிருந்து கோட்டை வாசலில் துரைக்கண்ணு வாயை மூடிக்கொண்டுதான் விற்கிறார்.

5

மார்கழி முதல் வாரம். "மனிதன் தன் சூழலோடு செய்துகொள்ளும் சமாதானம் என்பது—" என்று கட்டுரை பாணியில் எழுதிக்கொண்டிருந்தேன். போன்.

"நைனாரே, ரெண்டு மூட்டை கொள்ளு அனுப்புங்க. ஆளுங்க வந்து நிக்கிறாங்க."

"கொள்ளா?"

"கொள்ளுதான். போன தபா குடுத்தீங்களே, அதே கொள்ளு. சீக்கிரம்."

ஜெயக்கொடிக்கு நான் ஜென்மத்தில் கொள்ளு விற்றதில்லை. போதாததற்கு, அந்தக் கொல்லைக்கு இரண்டு மூட்டை கொள்ளு என்பது ஊர் முழுக்க விதைத்தாலும் மிஞ்சும். விதைக்கடைக்காரனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏனென்றால் போனை எடுத்தவன் கதாசிரியன். ஆகா, இந்தப் பெண் குரங்கோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுக் குரங்கு சீண்டாத பயிருக்கு மாறிவிட்டாள், மலையும் மனுஷியும் சமாதானம், கதை முடிந்தது என்று குளிர்ந்துபோய்விட்டேன். லோடு ஆட்டோவில் இரண்டு மூட்டை கொள்ளை ஏற்றி அனுப்பிவிட்டு, பாதியில் நின்ற வாக்கியத்தையும் முடித்தேன்.

பத்து மணிக்கு அதே ஆட்டோ திரும்பி வந்தது. மூட்டைமேல் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா நைனாரே, நான் குதிரை வளக்கறனா? கோட்டைக்குப் படை திரட்டறனா?"

பஜாரே திரும்பிப் பார்த்தது.

"நீதானம்மா கொள்ளுன்னு சொன்ன."

"ஐயோ, அத்த எப்பிடி வாய்விட்டுச் சொல்றது? கொல்லை வேப்பமரத்து மேலயே மொண்டிவால் உக்காந்துகினு இருக்குது. எங்கூர்ல இப்ப கொல்லையில நின்னு யாரும் அந்தப் பேரச் சொல்றதில்ல, கொள்ளுன்னுதான் சொல்றது. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்? கொல்லையில் மல்லாட்டை என்று உரக்கச் சொன்னால் மரத்திலிருந்து குரங்கு இறங்குகிறதாம். கோட்டை வாசலில் துரைக்கண்ணு கூவிக் கூவிப் படிப்பித்த பாடம். அதனால் சிங்கவரத்துப் பெண்கள் பேரை மாற்றிவிட்டார்கள். விதை வாங்க வந்த அன்று அவள் எதிர்க்கடைக் கூரையைப் பார்த்ததற்கும் இதுதான் காரணம்.

மூட்டையை மாற்றிக் கொடுத்தேன். அதற்குள் வெயில் ஏறி, வந்த ஆட்கள் அரைநாள் சும்மா உட்கார்ந்து எழுந்து போனார்கள். அந்தக் கோபம் அவளுக்கு. எனக்கு வேறு கோபம். மனிதனும் இயற்கையும் என்று பாறையைப் பார்த்தேன், கழுகைத் தேடினேன். அது என் கடை போனில் வந்து "ரெண்டு மூட்டை கொள்ளு" என்று பேசியிருக்கிறது, எனக்குப் பிடிபடவில்லை. குரங்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டது. அதனால் ஒரு ஊர் அந்தச் சொல்லை விட்டுவிட்டது. மேலே நான் முடித்துவைத்த சமாதான வாக்கியத்தை அடித்துவிட்டேன்; தேடாதீர்கள்.

6

அடுத்த நாள் விதைத்தார்கள். சில நாள் நிம்மதி. ஜெயக்கொடியிடமிருந்து போன் வரவில்லை. மதுமிதாவிடமிருந்து வந்தது, அதுவரை எழுதியதை அவருக்கு அனுப்பியிருந்தேன்.

"சார், நல்லா இருக்கு. ஆனா இயற்கை கம்மியா இருக்கே. ஒரு மழையாவது வைக்கலாமா? அப்புறம் முடிவு?"

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) ஜெயக்கொடி சவுக்குக்குக் கொடுத்துவிடுகிறாள். கூலி வேலைக்குப் போகும்போது சவுக்குத் தோப்புக்குள் காற்று சலசலக்கிறது. அவள் நின்று கேட்கிறாள். (பரிசு கிடைக்கும். அவளுக்கல்ல, எனக்கு.)

(ஆ) அவள் நிஜமாகவே கொள்ளு விதைக்கிறாள். குரங்கு வரவில்லை. சமநிலை திரும்புகிறது. (இதை அவளிடம் போனில் படித்துக் காட்டினேன். "கொள்ள யாரு துன்றது? நீங்க துன்றீங்களா?" என்றாள்.)

(இ) கூண்டு வைத்துக் குரங்குகளைப் பிடித்துத் தூரத்து மலையில் விட்டுவிடுகிறார்கள். (அந்த மலையடியிலும் ஒரு கொல்லை இருக்கும், அதில் ஒருத்தி நிற்பாள். அவளுக்கு நான் வேறு கதை எழுத வேண்டும்.)

(ஈ) எதிர்க்கடையில் ஒரு மருந்து வாங்கி— (இல்லை. கை வரவில்லை. இதை நீங்களும் யோசிக்காதீர்கள்.)

இப்படி நான் முடிவு அடுக்கிக்கொண்டிருந்தபோது, கொல்லையில் அது பாட்டுக்கு ஒன்று நடந்துவிட்டது. முளைக்காமல் விட்ட இடங்களில் ஜெயக்கொடியும் பக்கத்து வீட்டுத் தைலம்மாளும் மறுபடி விதை ஊன்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "தைலம்மா, கொள்ளுக் கூடைய இப்பிடித் தள்ளு" என்று இவள் கூப்பிட்டிருக்கிறாள். வேப்பமரம் குலுங்கியிருக்கிறது. மொண்டிவால் முதலில் இறங்கியதாம். மற்றதெல்லாம் பின்னால்.

விதைத்த அன்றே மரத்திலிருந்து பார்த்திருக்கிறது. கொள்ளு, கொள்ளு என்று கூடை கை மாறியபோது கூடைக்குள் என்ன இருந்தது என்று பார்க்க அதற்குக் கண் இல்லையா? பாதிக் கொல்லை போய்விட்டது. வீராசாமி அன்று சாயங்காலமே சவுக்கு நாற்றுக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டு வந்துவிட்டாராம்.

எனக்கு அன்று கடையில் உட்காரவே பிடிக்கவில்லை. கோபம் யார்மேல் என்று தெரியாமல் வந்து தொலைத்தது. குரங்குமேல் கோபப்பட முடியவில்லை. என்னைவிட அது பரவாயில்லை, இரண்டு முறை கேட்டதுமே புரிந்துகொண்டது.

7

போகிக்கு முந்தின நாள் ஜெயக்கொடி வந்தாள். முக்காலியில் உட்காரவில்லை.

"விதை குடுங்க. பாதிக் கொல்லைக்கு."

"நான் போடச் சொல்லலம்மா."

"நீங்க சொல்லி நான் எதுக்குப் போடணும்? என் கொல்லை. வீராசாமிக்கு வாணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். இந்த ஒரு பட்டம் பாத்துடறேன். இதுவும் போச்சுன்னா சவுக்குதான், நானே நட்டுட்டுக் கூலிக்குப் போறேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. விதையை அளந்து போட்டேன். பையைக் கட்டினேன். அவள் போகவில்லை.

"நைனாரே, இன்னொண்ணும் வேணும்."

"இன்னாம்மா?"

"ஒரு வார்த்தை குடுங்க. கொள்ளும் அதுக்குத் தெரிஞ்சிபோச்சு. நீங்க எழுதறவருதான? வார்த்தைதான உங்க வேலை?"

இத்தனை வருடமாக எழுதுகிறேன். வார்த்தை கேட்டு என் கடைக்கு யாரும் வந்ததில்லை. பரபரப்பாகிவிட்டது. "மண்மணி" என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "நிலமுத்து" என்றேன்.

"நைனாரே, அவசரத்துல கத்தணும். நாலு கொல்லை தள்ளிக் கேக்கணும். தைலம்மாவுக்கு வாயில வரணும். அந்தச் சாமானுக்கும் இந்தப் பேருக்கும் ஒட்டே இருக்கக் கூடாது."

கதைக்குச் சொல்லித் தருகிற எந்த ஆசிரியரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. யோசித்தேன். ஒன்று சொன்னேன், சிரித்தாள். இன்னொன்று சொன்னேன், அது தைலம்மாளின் நாத்தனார் பெயராம். மூன்றாவதாக ஒன்று வந்தது. ஜெயக்கொடி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய், உடைந்த சாக்கடை மூடிமேல் நின்று, ஒரு முறை உரக்கக் கத்தினாள்.

எதிர்க்கடைக் கூரையில் ஒரு குரங்கு குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பக்கூட இல்லை.

"இது போதும்" என்றாள். பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மதுமிதா நேற்றுப் போன் செய்தார். "சார், அந்த வார்த்தை என்னன்னு போடலையே. அதுதான சார் கதையோட முடிவு?" ஆமாம், அதுதான் முடிவு. போட மாட்டேன். நீங்கள் பத்திரிகை படிக்கிறவர்கள், படித்ததை நாலு பேரிடம் சொல்கிறவர்கள், லீவு விட்டால் கோட்டைக்கு வருகிறவர்கள். வந்தால் வாசலில் ஒரு முறை சொல்லிப் பார்ப்போமே என்று உங்களுக்குக் கட்டாயம் தோன்றும். பொட்டலம் கையில் இருக்கும்போதே தோன்றும்.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. வாருங்கள். வாயை மூடிக்கொண்டு ஒருவர் வண்டியோடு நிற்பார், அவரிடமே வாங்குங்கள், அவரும் பிழைக்க வேண்டும். மதில்மேல் வால் அறுந்த ஒன்று உட்கார்ந்து உங்கள் கையைப் பார்க்கும். நன்றாகத்தான் பார்க்கும், பாவமாக இருக்கும். அதற்குமேல் இந்தக் கதையை நான் எழுத முடியாது. பொட்டலம் உங்கள் கையில் இருக்கிறது.

என்ன செய்தீர்கள் என்று எனக்குக் கடிதமெல்லாம் போட வேண்டாம். பங்குனியில் காய் பிடிக்கும்போது ஜெயக்கொடி கடைக்கு வருவாள். வாசலிலேயே நின்று, "நைனாரே, இன்னொரு வார்த்தை இருக்குதா?" என்று கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.